சிண்டரெல்லாவின் அத்தா எங்கே போனார்?

சென்ற ஆண்டின் இறுதியில் ஒரு நாள் மாலை. மஃரிப் தொழுகை முடிந்து மக்தப் பிள்ளைகள் ஓதுவதற்காக வரிசையாக அமர்ந்துகொண்டிருந்தார்கள். வாசற்படியருகே ஒரு பெண்மணி நிற்பதாக மாணவன் ஒருவன் வந்து சொன்னான். சென்று பார்த்தேன். நம்மிடம் ஓதும் பத்து வயது மாணவி ஒருத்தியின் வீட்டிலிருந்து வந்திருந்தார். அச்சிறுமியைப் பெற்ற தாய் சில ஆண்டுகளுக்கு முன் இறையழைப்பை ஏற்றுக்கொண்டார். இவர் அவளுடைய தந்தை மறுமணம் செய்துகொண்டவர். 'சின்னம்மா' என்றுதான் பிள்ளை அழைக்கிறாள்.

ஸலாம் கூறிவிட்டுச் சற்று நேரம் பேசாமல் நின்றார். பிறகு சொன்னார்:

"ஹஜ்ரத், பள்ளிக்கூட ஆண்டு விழாவில் சிண்டரெல்லா நாடகம் போடுகிறார்கள். ஒத்திகை தொடங்கிய நாளிலிருந்து வேனில் வரும் பிள்ளைகள் இவளைக் கேலி செய்கிறார்கள். 'உங்கள் வீட்டிலும் ஒரு சின்னம்மா இருக்கிறார்களே, உன்னையும் அடுப்படியில்தான் படுக்க வைப்பார்களா?' என்று கேட்கிறார்களாம். நேற்று, சாப்பிட்ட தட்டைக் கழுவி வை என்றேன். 'நான் என்ன சிண்டரெல்லாவா?' என்று கேட்டுவிட்டாள். நான் அவளை ஒரு நாளும் கைநீட்டி அடித்ததில்லை ஹஜ்ரத். இப்போது ஒரு வேலை சொல்லவும் பயமாக இருக்கிறது. பக்கத்து வீட்டார் காதில் விழுந்தால் என்ன நினைப்பார்கள்?"

"உங்கள் வீட்டுக்காரர் என்ன சொல்கிறார்?" என்று கேட்டேன்.

"அவருக்கு இது எதுவும் தெரியாது. ஒரகடத்தில் நைட் ஷிப்ட். கம்பெனி பஸ் அவரைக் காலையில் இறக்கிவிடும் நேரத்தில் பள்ளி வேன் இவளை ஏற்றிக்கொண்டு போய்விடுகிறது. அவரிடம் சொன்னால், 'பொம்பளைங்க விஷயத்தில் என்னை இழுக்காதே' என்பார்."

பிள்ளையிடம் பக்குவமாகப் பேசுகிறேன் என்று கூறி அந்தச் சகோதரியை அனுப்பிவைத்தேன். ஆனால் பிள்ளையிடம் என்ன பேசுவது என்று எனக்கே விளங்கவில்லை. சிண்டரெல்லா கதையை நாம் எல்லோரும் அறிவோம் என்றே நினைக்கிறோம். கல்லூரியில் ஆங்கில இலக்கியம் பயின்ற நாட்களில் வாங்கிய கிரிம் சகோதரர்களின் கதைத் தொகுப்பு ஒன்று பரணில் கிடந்தது. அன்றிரவு இஷாவுக்குப் பின் அதைத் தேடியெடுத்துப் படித்தேன். படிக்கப் படிக்க ஒரே ஒரு கேள்விதான் மனத்தில் நின்றது. இந்தப் பெண்ணுக்குத் தகப்பன் இருக்கிறாரே, அவர் என்ன செய்துகொண்டிருந்தார்?

நம்மில் பலர் அவர் இறந்துவிட்டார் என்று எண்ணிக்கொண்டிருக்கிறோம். 1950-இல் வெளிவந்த வால்ட் டிஸ்னியின் கேலிச்சித்திரப் படத்தில்தான் அவர் தொடக்கத்திலேயே இறந்துபோகிறார். பழைய கதைகளில் அவர் உயிரோடு இருக்கிறார். 1697-இல் பிரெஞ்சு மொழியில் இக்கதையை எழுதிய ஷார்ல் பெரோ, அந்தப் பெண் தன் துயரத்தைத் தந்தையிடம் சொல்லத் துணியவில்லை என்கிறார். சொன்னால் அவளைத்தான் கடிந்துகொள்வார், அந்த அளவுக்கு மனைவியின் சொல்லில் அடங்கியவர். பெரோ இதை ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டு வேறு விஷயத்துக்குப் போய்விடுகிறார்.

ஜெர்மனியில் ஜேக்கப் கிரிம், வில்ஹெல்ம் கிரிம் என்னும் சகோதரர்கள் 1812-இல் தங்கள் தொகுப்பின் முதல் பாகத்தை வெளியிட்டார்கள். பிறகு பதிப்புக்குப் பதிப்பு திருத்திக்கொண்டே வந்தார்கள். 1857-இல் வந்த இறுதிப் பதிப்பில் இந்தத் தந்தையைக் காணுங்கள். சந்தைக்குப் புறப்படும்போது மூன்று பெண்களையும் பார்த்து என்ன வேண்டும் என்று கேட்கிறார். மனைவியின் மக்கள் உடையும் முத்தும் கேட்கிறார்கள். இவருடைய சொந்த மகளோ, திரும்பி வரும் வழியில் உங்கள் தொப்பியில் முதலில் இடிக்கும் மரக்கிளையை ஒடித்து வாருங்கள் என்கிறாள். ஒடித்துக்கொண்டு வந்து கொடுக்கிறார். ஏனம்மா இதைக் கேட்டாய் என்று கேட்கவில்லை. சாம்பல் படிந்த அவளுடைய உடை அவர் கண்ணில் படவில்லை. கடைசியில் இளவரசன் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு, இந்த வீட்டில் வேறு பெண் இல்லையா என்று கேட்கும்போது, இறந்துபோன என் மனைவி விட்டுச் சென்ற வளர்ச்சி குன்றிய அடுப்படிப் பெண் ஒருத்தி இருக்கிறாள், அவளாக இருக்க முடியாது என்கிறார் பெற்ற தகப்பன்.

(அந்த இளவரசனைப் பற்றியும் ஒரு சொல். மூன்று இரவுகள் முகத்துக்கு முகம் பார்த்து ஆடிய பெண்ணை அடையாளம் காண ஒற்றைச் செருப்பு தேவைப்பட்ட அவரை என் மாணவர்கள் யாரும் மெச்சவில்லை.)

இருநூறு ஆண்டுகளாக இக்கதையைக் கேட்கும் குழந்தைகள் கொடுமைக்காரி என்றால் யாரைச் சொல்கிறார்கள்? சித்தியைத்தான். அவள் கொடுமைக்காரிதான், அதில் மறுப்பில்லை. ஆனால் அவ்வீட்டில் அந்தக் குழந்தைக்கு இரத்த உறவு யார்? அவளுக்காகப் பொறுப்புச் சொல்ல வேண்டியவர் யார்? அவரைப் பற்றி எந்தக் குழந்தையும் கோபப்படுவதில்லை. கோபப்படும்படி கதை சொல்லப்படவில்லை.

இன்னொரு செய்தி பலரும் அறியாதது. பனிவெண்மை என்று நாம் தமிழில் படிக்கும் 'ஸ்நோ ஒயிட்' கதையின் 1812 பதிப்பில், பொறாமையால் மகளைக் கொல்ல ஆளனுப்புபவள் சித்தி அல்லள், பெற்ற தாய். 1819 பதிப்பில் அவளைச் சித்தியாக மாற்றினார்கள். ஹான்சல், கிரெத்தல் என்ற இரு குழந்தைகளைப் பஞ்ச காலத்தில் காட்டில் கொண்டுபோய் விட்டுவரச் சொல்பவளும் முதலில் தாயாகவே இருந்தாள். 1840-இல் அவளும் சித்தியாக்கப்பட்டாள். தாய்மையின் புனிதத்தைக் காக்க வேண்டும் என்ற எண்ணம் அவர்களுக்கு இருந்திருக்கலாம். ஆனால் அந்தப் பழி எங்கே போய் விழுந்தது என்பதைப் பாருங்கள். தகப்பன் மட்டும் எந்தப் பதிப்பிலும் மாறவில்லை. மனைவி சொல்லக் கேட்டு, மனம் வருந்தியபடியே, தன் மக்களைக் காட்டில் விட்டுவிட்டு வருகிறார். முடிவில் அவள் இறந்துபோகிறாள். பிள்ளைகள் மணியும் முத்தும் கொண்டுவந்து இவரைக் கட்டிக்கொள்கிறார்கள். என்னை ஏன் விட்டுவிட்டு வந்தீர்கள் என்று ஒரு கேள்வி இல்லை.

மேல்நாட்டுக் கதைகளை மட்டும் சொல்லித் தப்பித்துக்கொள்ள வேண்டாம். நல்லதங்காள் கதை நம் தமிழ் மண்ணின் கதை. பஞ்சத்தில் ஏழு பிள்ளைகளோடு அண்ணன் வீட்டுக்கு வந்தவளைப் பட்டினி போட்டு விரட்டியவள் மூளி அலங்காரி. அவள் பெயரே ஊரில் வசவாகிவிட்டது. அண்ணன் நல்லதம்பி அந்நேரம் எங்கே இருந்தார்? வீட்டில் இல்லை, வேட்டைக்குப் போயிருந்தார். பாசமுள்ளவர், நல்லவர், ஆனால் தேவைப்பட்ட நேரத்தில் வீட்டில் இல்லாதவர். அவர் திரும்பி வருவதற்குள் கிணற்றில் எல்லாம் முடிந்துவிடுகிறது.

நாம் பேசும் மொழியிலும் இது ஊறிப்போயிருக்கிறது. மத்திய அரசு நிதி தரவில்லையென்றால் 'மாற்றாந்தாய் மனப்பான்மை' என்று நாளேடுகள் எழுதுகின்றன. மேடைதோறும் அரசியல்வாதிகள் முழங்குகிறார்கள். பிறர் பெற்ற பிள்ளைக்குச் சோறூட்டி, தலைவாரி, வேனுக்கு அனுப்பிவைக்கும் ஒரு பெண் அந்தச் சொல்லைக் கேட்கும்போது அவள் மனம் என்ன பாடுபடும் என்று எண்ணிப் பார்த்தோமா? 'மாற்றாந்தந்தை மனப்பான்மை' என்று எவரும் சொல்லிக் கேட்டதில்லை.

இந்தப் பகுதியில் வாழ்வோருக்கு இது வெறும் கதையாராய்ச்சி அன்று. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலை 1998-இல் கார் உற்பத்தியைத் தொடங்கியது. அதன் பின்னர் திருப்பெரும்புதூர், ஒரகடம், வல்லம் வடகால், சுங்குவார்சத்திரம் என்று இந்த நெடுஞ்சாலைகளின் இருமருங்கிலும் ஆலைகள் எழுந்தன. தென்மாவட்டங்களிலிருந்தும் வடமாவட்டங்களிலிருந்தும் நம் சமுதாயத்தார் பலர் வேலை தேடி வந்து வாடகை வீடுகளில் குடியேறியிருக்கிறார்கள். மூன்று ஷிப்ட் முறையில் உழைக்கும் தந்தையர். முந்தைய தலைமுறையின் அத்தாமார்கள் வளைகுடா நாடுகளில் இருந்தார்கள். ஒலிநாடாவில் குரல் வந்தது. இந்தத் தலைமுறை அத்தா அடுத்த அறையிலேயே படுத்திருக்கிறார். பிள்ளைகள் சத்தம் போடக் கூடாது, அவ்வளவுதான். உழைத்துக் களைத்துவரும் அந்த மனிதர்களைக் குறைகூற எனக்கு மனம் வரவில்லை. ஹலாலான சம்பாத்தியத்துக்காகத் தூக்கத்தை விற்கிறார்கள். ஆயினும் பணம் கொண்டுவந்து கொடுப்பதோடு தந்தையின் பங்கு முடிந்துவிட்டது என்று நாம் நினைக்கத் தொடங்கினால், அந்தக் கிரிம் கதைத் தந்தையும் சந்தைக்குப் போய்க் கேட்டதை வாங்கித்தான் வந்தார்.

மற்றொரு கதையும் இங்கே நினைவுக்கு வருகிறது. மாவு ஆலைக்காரர் ஒருவர் அரசனிடம் பெருமை பேசுவதற்காக, என் மகள் வைக்கோலைப் பொன்னாக நூற்பாள் என்று அளந்துவிடுகிறார். அரசன் அவளை வைக்கோல் நிறைந்த அறையில் பூட்டி, விடிவதற்குள் நூற்காவிட்டால் உயிர் போகும் என்கிறான். மூன்று இரவுகள், ஒவ்வோர் இரவும் முந்தையதைவிடப் பெரிய அறை. பொன் குவிந்ததும் அவளையே மணந்துகொள்கிறான். பெருமை பேசிய தகப்பன் அதன்பிறகு கதையில் வருவதே இல்லை. 'ரம்பிள்ஸ்டில்ட்ஸ்கின்' என்று வாயில் நுழையாத பெயர் கொண்ட கதை இது.

இதை இங்கே ஏன் சொல்கிறேன் என்பது அதிகாலையில் சுங்குவார்சத்திரம் பக்கம் சென்றவர்களுக்குப் புரியும். பஸ் பஸ்ஸாக இளம்பெண்கள் கைப்பேசி ஆலைகளுக்குச் செல்கிறார்கள். வல்லம் வடகாலில் பெண் தொழிலாளர்களுக்காகவே 18,720 பேர் தங்கும் விடுதிக் கட்டடங்களை 706.50 கோடி ரூபாயில் அரசு கட்டி, 2024 ஆகஸ்டில் திறந்தது. நம் கதைகளில் பெண் என்றால் காத்திருப்பவள், உறங்குபவள், கோபுரத்தில் அடைபட்டவள். இங்கோ அவள் தம்பியின் கல்லூரிக் கட்டணத்தையும் தகப்பனின் கடனையும் சுமக்கிறாள். கதைகள் திருமணத்தோடு முடிந்துவிடுகின்றன. அவளுடைய வேலையும் திருமணத்தோடு முடிந்துவிடுமோ என்ற அச்சம் பலருக்கு உண்டு. இப்பகுதியிலுள்ள பாக்ஸ்கான் ஆலையில் திருமணமான பெண்களை வேலைக்கு எடுக்காமல் ஒதுக்குவதாக 2024 ஜூனில் ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம் எழுதியது. நிறுவனம் அதை மறுத்தது. மத்தியத் தொழிலாளர் அமைச்சகம் தமிழக அரசிடம் அறிக்கை கேட்டது.

என் கேள்வி ஆலைக்காரரிடம் மட்டும் அன்று. மகளின் சம்பளம் நின்றுவிடுமே என்று வந்த வரனைத் தள்ளிப்போடும் தகப்பன் நம்மிடையே இல்லையா? ஆண்கள் சம்பாதித்தது ஆண்களுக்கு, பெண்கள் சம்பாதித்தது பெண்களுக்கு என்று திருக்குர்ஆன் (4:32) தெளிவாக வரையறுத்திருக்கிறது. அவள் மனமுவந்து குடும்பத்துக்குக் கொடுத்தால் அது அவளுடைய தர்மம். அவளுடைய ஏ.டி.எம். கார்டு தகப்பனின் சட்டைப் பையில் இருப்பதற்கு மார்க்கத்தில் ஆதாரம் தேடிப் பார்த்தேன், எனக்குக் கிடைக்கவில்லை.

இத்தகைய கதைகளே வேண்டாம், குழந்தைகளுக்கு இவற்றைத் தடுத்துவிட வேண்டும் என்று சொல்லும் நண்பர்கள் எனக்கு உண்டு. அதில் எனக்கு உடன்பாடில்லை. தடுத்தால் வேனில் கேட்டுவிட்டு வருவார்கள். அதைவிட, அக்கதையின் பக்கத்தில் வேறொரு கதையை வைப்பது மேல். மறுவாரம் மக்தபில் நான் அதைத்தான் செய்தேன்.

அன்னை மர்யம் (அலை) அவர்களின் வரலாற்றை எடுத்துக்கொண்டேன். வயிற்றிலிருக்கும் பிள்ளையை இறைப்பணிக்கென நேர்ந்துகொண்ட தாய்க்குப் பெண்குழந்தை பிறக்கிறது. அல்லாஹ் அதை அழகிய முறையில் ஏற்றுக்கொள்கிறான். அந்தப் பெண்குழந்தையை யார் பொறுப்பேற்று வளர்ப்பது என்பதில் ஆண்களுக்கிடையே போட்டி. எழுதுகோல்களை எறிந்து முடிவு செய்யும் அளவுக்குப் போட்டி (3:44). என் வகுப்புப் பையன்கள் இந்த இடத்தில் நம்பாமல் பார்த்தார்கள். வளர்க்கக் கூடாது என்று சண்டையா, வளர்க்க வேண்டும் என்று சண்டையா என்று ஒருவன் திருப்பிக் கேட்டான். வளர்க்க வேண்டும் என்றுதான் என்றேன்.

பொறுப்பு நபி ஜகரிய்யா (அலை) அவர்களுக்குக் கிடைக்கிறது. அவர் மர்யமைப் பெற்ற தந்தை அல்லர். ஆயினும் தொழுமிடத்தில் இருக்கும் அப்பிள்ளையிடம் அவர் செல்லும்போதெல்லாம் அங்கே உணவு இருப்பதைக் காண்கிறார். கண்டும் காணாதது போல் திரும்பிவிடவில்லை. மர்யமே, இது உனக்கு எங்கிருந்து வந்தது என்று கேட்கிறார் (3:37). அல்லாஹ்விடமிருந்து என்று அவள் பதில் சொல்கிறாள். ஒரு பிள்ளையின் தட்டில் என்ன இருக்கிறது என்று பார்ப்பது, பார்த்ததைக் கேட்பது, அவள் சொல்லும் பதிலைக் கேட்டுக்கொள்வது. இறைத்தூதர் ஒருவரின் இந்தச் சிறு செயலை அல்லாஹ் தன் வேதத்தில் பதிவு செய்திருக்கிறான்.

மத்யன் நகரத்துப் பெரியவரும் அப்படித்தான். கிணற்றடியில் ஆட்டுமந்தைக்குத் தண்ணீர் காட்டக் காத்திருந்த அவருடைய பெண்மக்கள் இருவருக்கும் மூஸா (அலை) உதவுகிறார்கள். அவரை வேலைக்கு அமர்த்திக்கொள்ளுங்கள், பலமும் நம்பிக்கையும் உள்ளவர் என்று ஒரு மகள் தந்தைக்கு யோசனை சொல்கிறாள் (28:26). வேலைக்கு ஆள் எடுப்பதில் மகளின் கருத்தைக் கேட்ட தகப்பன்! எச்.ஆர். அலுவலகங்கள் நிறைந்த நம் ஊரில் இதைச் சொன்னபோது பெரிய வகுப்புப் பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள்.

அண்ணல் நபி (ஸல்) அவர்களின் இல்லத்திலும் பெற்ற பிள்ளைகளோடு வளர்ப்புப் பிள்ளைகளும் இருந்தார்கள். அன்னை உம்மு ஸலமா (ரலி) அவர்களின் முந்தைய கணவருக்குப் பிறந்த உமர் என்ற சிறுவர், உணவுத் தட்டின் எல்லாப் பக்கமும் கையை ஓடவிட்டபோது, அல்லாஹ்வின் பெயர் சொல்லி வலக்கையால் உன் பக்கத்திலிருந்து சாப்பிடு என்று நபியவர்கள் கற்றுக்கொடுத்ததை அவரே பிற்காலத்தில் அறிவித்திருக்கிறார். புகாரியில் உள்ள ஹதீஸ் இது. நாம் இதை உணவு ஒழுக்கமாக மட்டுமே பாடம் நடத்துகிறோம். மனைவியின் பிள்ளையோடு ஒரே தட்டில் உண்ட ஒரு மனிதரின் வீட்டுக் காட்சி அது என்பதை நாமும் கவனிப்பதில்லை. வீட்டில் நபியவர்கள் என்ன செய்வார்கள் என்று கேட்கப்பட்டபோது, குடும்பத்தாரின் பணிகளில் இருப்பார்கள், தொழுகை நேரம் வந்தால் புறப்படுவார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) கூறியிருக்கிறார்கள். 'பொம்பளைங்க விஷயம்' என்று ஒதுக்கிவைத்த பகுதி எதுவும் அவ்வீட்டில் இருந்ததாகத் தெரியவில்லை.

வகுப்பின் இறுதியில் நான் அந்தச் சிறுமியைப் பார்த்துத் தனியாக எதுவும் கேட்கவில்லை. பொதுவாக எல்லோரிடமும் ஒரு கேள்வி போட்டேன். ஜகரிய்யா நபியைப் போல சிண்டரெல்லாவின் அத்தாவும் ஒரு நாள் அடுப்படிக்குப் போய், ஏன் உன் உடையெல்லாம் சாம்பலாக இருக்கிறது என்று கேட்டிருந்தால் என்ன நடந்திருக்கும்?

பையன்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள். சித்தியை அடித்திருப்பார் என்றான் ஒருவன். தலாக் என்றான் இன்னொருவன். அவனுக்கு வயது எட்டு. அந்தச் சிறுமி சற்று யோசித்துவிட்டு, "கதையே இருக்காது ஹஜ்ரத்" என்றாள்.

பிறகு அவளாகவே, "எங்கள் சின்னம்மா அப்படி இல்லை" என்றாள். வகுப்பில் யாரும் அவளிடம் அதைக் கேட்கவில்லை.

அவளுடைய தந்தையை ஜும்ஆவுக்குப் பின் சந்தித்தேன். நடந்ததைச் சொன்னேன். முதலில் கோபம் வந்தது. வீட்டு விஷயத்தை மனைவி வெளியே கொண்டுவந்துவிட்டார் என்ற கோபம். "நான் இரவெல்லாம் கண்விழிப்பது யாருக்காக ஹஜ்ரத்?" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. உங்கள் மகள் எந்த வகுப்பு, எந்தப் பிரிவு என்று மட்டும் கேட்டேன். வகுப்பைச் சொன்னார். பிரிவு தெரியவில்லை. சற்று நேரம் செருப்பைத் தேடுவது போல் குனிந்து நின்றார்.

அதன்பிறகு, பகல் ஷிப்ட் வரும் வாரங்களில் பிள்ளையை மக்தபுக்கு அவரே மொபெட்டில் கொண்டுவந்து விடுகிறார். வழியில் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது, நான் கேட்கவும் இல்லை. ஆண்டு விழாவில் அவளுக்குப் பூசணிக்காய் வண்டியை இழுக்கும் குதிரைகளில் ஒன்றாக வேடம். சின்னம்மாதான் காகித அட்டையில் குதிரை முகம் வெட்டி, பழைய கம்பளி நூலில் பிடரி மயிர் வைத்துக் கொடுத்தாராம். அத்தா கம்பெனிச் சீருடையிலேயே தாமதமாக வந்து கடைசி வரிசையில் நின்றார் என்றும், குதிரை வந்துபோன காட்சி முடிந்திருந்தது என்றும் அவளே சொன்னாள். அடுத்த நாள் வீட்டில் அவருக்காக மறுபடியும் ஓடிக் காட்டினாளாம். அவர் தூங்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொன்னாள்.